கவா: பிஜியின் யங்கோனா, டோங்காவின் கதை, கோயம்புத்தூருக்கு வந்த மாத்திரை டப்பா

தெற்குக்காற்று எழுதியது:

கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்த மாத்திரை டப்பா. மேலே கவா என்று எழுதி, நிம்மதியான உறக்கத்துக்கு என்று கீழே போட்டிருந்தது. "நீ பிஜியில் இருந்தவன்தானே, இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பிஜியின் லம்பாசா ஊரில் ஆறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். போன முதல் மாதமே ஒரு மாணவனின் அப்பா தன் கிராமத்துக்கு அழைத்தார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று சக ஆசிரியர் சொல்லி, சந்தையில் அரைக் கிலோ காய்ந்த வேர்க்கட்டு வாங்கிக் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய கட்டு. அதன் பெயர் யங்கோனா. உலகம் கவா என்று சொல்வதும் இதைத்தான். ஊருக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், இடுப்பில் சூலு என்ற வேட்டி மாதிரித் துணி கட்டியிருக்க வேண்டும். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை அவர் முன்னால் வைக்க வேண்டும். இந்தச் சடங்குக்குப் பெயர் செவுசெவு. "உங்கள் மண்ணுக்கு வந்திருக்கிறேன், அனுமதி கொடுங்கள்" என்பதுதான் அதன் பொருள். தலைவர் அந்தக் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டு சில வார்த்தைகள் சொன்ன பிறகு நாம் அந்த ஊருக்கு அந்நியர் இல்லை. நமக்கு ஏதாவது நடந்தால் அந்த ஊரே பொறுப்பு.

அப்புறம் தானோவாவைக் கொண்டு வந்து வைத்தார்கள். அங்கே வெசி என்று சொல்கிற மரத்தில் ஒரே துண்டாகக் குடைந்த, கால் வைத்த அகன்ற பாத்திரம். அதிலிருந்து தேங்காய் நார்க் கயிறு ஒன்று நீண்டு தலைவர் இருக்கும் பக்கம் கிடக்கும். அதில் வெள்ளைச் சோழிகள் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டி யாரும் நடக்கமாட்டார்கள். இடித்த பொடியை ஒரு துணியில் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கையால் பிசைந்து பிழிந்தார் ஒரு வாலிபர். தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரியேதான். ஆனால் வருவது சேற்றுத் தண்ணீர் நிறம். சிரட்டையில், அங்கே அதற்குப் பெயர் பிலோ, மொண்டு கொண்டு வந்தார். கையைக் குழித்து ஒரு தடவை தட்ட வேண்டும், "புலா" என்று சொல்லி வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும், பிறகு மூன்று தடவை தட்ட வேண்டும். சுற்றி இருந்தவர்கள் "மாதா" என்றார்கள். தீர்ந்தது என்று அர்த்தம். ஒரு கணம் நம் மாதாவைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்தேன்.

வாயில் மண் வாசனை, மிளகின் மெல்லிய காரம், ஒரு கசப்பு. அரை நிமிடத்தில் உதடும் நாக்கும் மரத்துப் போயின, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. நாலைந்து சிரட்டை ஆனதும் தோள்பட்டை தளர்ந்தது. மனசு தெளிவாகவே இருந்தது. பேச்சு மட்டும் மெதுவாயிற்று. அன்றைக்கு ராத்திரி படுத்த தூக்கத்தை இன்னும் மறக்கவில்லை.

இந்த அனுபவத்தையும் அந்த டப்பாவையும் எனக்குச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


மாடித்தோட்டம் எழுதியது:

ஐயா, இது சாராயம் மாதிரி ஊற வைத்துப் புளிக்க விடுகிற சமாச்சாரமா? அப்புறம் இன்னொன்று, நம் ஊரில் வளருமா?


வேர்ப்பித்தன் எழுதியது:

புளிக்க வைப்பதே இல்லை. ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூட கிடையாது. பிழிந்த உடனே குடிப்பதுதான் வழக்கம்.

செடியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. ஏனென்றால் இது நம் வீட்டுச் செடிகளின் சொந்தக்காரன். மிளகு, திப்பிலி, வெற்றிலை மூன்றும் பைப்பர் என்ற ஒரே பேரினம். கவாவும் அதே பேரினம்தான். தாவரவியல் பெயர் பைப்பர் மெதிஸ்டிகம், அதாவது மயக்கும் மிளகு. கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் கூடப் போன கியோர்க் ஃபோர்ஸ்டர் வைத்த பெயர். இலையைப் பார்த்தால் நீங்களே வெற்றிலை என்றுதான் சொல்வீர்கள், அதே இதய வடிவம். ஆனால் கொடியாகப் படராது. ஆள் உயரத்துக்கு, கணு கணுவாக, மூங்கில் கன்று மாதிரிப் புதராக நிற்கும். நாம் வெற்றிலையில் இலையை எடுத்துக்கொண்டோம், மிளகில் காயை எடுத்துக்கொண்டோம். அந்தத் தீவுக்காரர்கள் வேரை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் என்னை அசத்தியது ஒன்று உண்டு. இந்தச் செடிக்கு விதையே பிடிக்காது. பூக்கும், ஆனால் மலடு. தண்டை வெட்டி நட்டால்தான் அடுத்த செடி. பறவையோ காற்றோ இதைக் கொண்டு போகாது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் வடக்கில் ஒரு காட்டு இனத்திலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இதை உருவாக்கியிருக்கிறார்கள் என்பது வின்சென்ட் லெபோவின் ஆய்வு. அங்கிருந்து பிஜி, டோங்கா, சமோவா, ஹவாய், மேற்கே மைக்ரோனேசியத் தீவான போன்பெய் வரைக்கும் போயிருக்கிறது. எப்படி? யாரோ ஒருவர் படகில் ஈரத்துணியிலோ இலையிலோ தண்டுத் துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்திருக்க வேண்டும். இன்றைக்கு நிற்கிற ஒவ்வொரு கவாச் செடியும் மனிதக் கை நட்ட செடி. தங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் குறைவாக இருந்த படகில் அந்தத் தண்டு வாடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றால் அதன் மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

வேலை செய்கிற சரக்குக்குக் கவாலாக்டோன்கள் என்று பெயர். முக்கியமானவை ஆறு. அதில் கவெய்ன்தான் நாக்கை மரக்க வைக்கிறது. இவை தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால்தான் அத்தனை பிசைதல். அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தானோவாவைக் கலக்கிவிட்டு மொள்கிறார்கள். கலக்காமல் மேலாக மொண்டால் வெறும் மண் தண்ணீர்தான் கிடைக்கும். பக்க வேருக்குப் பிஜியில் வாக்கா என்று பெயர், வீரியமும் விலையும் அதற்கே அதிகம். அடிக்கிழங்கு லெவேனா, கொஞ்சம் மிதம். இலையையும் தண்டுத் தோலையும் குடிப்பதற்குச் சேர்ப்பதில்லை. இந்த விஷயத்தை மனசில் வையுங்கள், மாத்திரையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நம் ஊரில் வளருமா என்றால், சீரான மழை, ஈரக்காற்று, இளஞ்செடிக்கு நிழல், தண்ணீர் தேங்காத வளமான மண் எல்லாம் வேண்டும். வேர் எடுக்க மூன்று முதல் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். மாடித் தொட்டியில் நடக்கிற காரியம் இல்லை. மிளகு போடுங்கள், அது நமக்குப் பழகின செடி.


கடலோடி எழுதியது:

துறைமுக வேலையாக டோங்கா, வனுவாட்டு, போன்பெய் மூன்றிலும் இருந்திருக்கிறேன். டோங்காவில் எனக்கு ஒரு கிழவர் சொன்ன கதையைக் கேளுங்கள். அங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை.

ஏவெய்கி என்று ஒரு சின்னத் தீவு. பஞ்ச காலம். ஃபெவாங்கா, ஃபெஃபாஃபா என்று கணவன் மனைவி, அவர்களுக்குக் காவாஓனாவ் என்று ஒரே மகள், தொழுநோய்க்காரி. அந்த நேரம் பார்த்து மன்னர் படகில் வந்து கரையேறுகிறார். வந்தவருக்குச் சோறு போட வேண்டும், வீட்டில் ஒன்றும் இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு பெரிய சேம்பு. மன்னர் களைத்துப் போய் அந்தச் சேம்பின் நிழலிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிவிட்டு அதைத் தோண்ட முடியுமா? பெற்றவர்கள் மகளைக் கொன்று மண் அடுப்பில் வைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் மன்னர் ஆடிப் போய்விட்டார். உண்ணாமல் எழுந்து, அவளை மரியாதையாக அடக்கம் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குழியில் இரண்டு செடி முளைத்தது. தலைமாட்டில் கவா, கால்மாட்டில் கரும்பு. ஒரு எலி வந்து கவாவைக் கொறித்துத் தள்ளாடியதாம், பிறகு கரும்பைக் கொறித்து நிதானத்துக்கு வந்ததாம். இதைப் பார்த்துத்தான் மனிதர்கள் கவாவைக் குடிக்கக் கற்றார்கள் என்கிறார்கள்.

கிழவர் இதைச் சொல்லிவிட்டு, "கசப்பாக இருக்கிறது என்று முகம் சுளிக்காதே, அது ஒரு பெண் பிள்ளை" என்றார். அன்றிலிருந்து நான் முகம் சுளித்ததில்லை. நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்தவன் நான், பஞ்சம் பெற்றவர்களை என்ன செய்யும் என்று அவர் எனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டோங்காவில் மன்னர் முடிசூடும்போது தௌமாஃபா கவா என்ற பெருஞ்சடங்கு நடக்கும். 2015இல் ஆறாம் துபோவுக்கும் நடந்தது. அந்தப் பெண்ணின் தியாகத்தைக் குடித்துத்தான் அவர் மன்னராகிறார் என்று அந்த மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

வனுவாட்டு வேறு மாதிரி. அங்கே காய்ந்த பொடி இல்லை, பச்சை வேர். வீரியம் ரொம்ப அதிகம். குடிக்கும் இடத்துக்கு நக்கமால் என்று பெயர். போர்ட் விலாவில் சாயங்காலம் நடந்தால் சந்துகளின் வாசலில் ஒரு சின்ன விளக்கு தொங்கும். விளக்கு எரிந்தால் இன்றைக்குக் கவா இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வெளிச்சம் கிடையாது, சத்தம் கிடையாது. சிரட்டையை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, இருட்டைப் பார்த்து நின்று, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காறித் துப்புவார்கள். பிறகு கிசுகிசுப்பாகப் பேச்சு. வாய்க் கசப்புக்கு ஒரு துண்டு வாழைப்பழமோ வறுவலோ சாப்பிடுவார்கள், வாய் கழுவுவது என்றே அதற்கு அவர்களின் பிஸ்லாமா மொழியில் பெயர். கவா குடித்தவன் காதுக்கு உரத்த சத்தம் ஆகாது. அதனால் அங்கே கத்தித் திரிபவனை நான் பார்த்ததே இல்லை. தன்னா தீவில் இன்னும் பழைய முறை, பையன்கள் வேரை மென்று இலையில் உமிழ, அதைத் தண்ணீர் விட்டுப் பிழிகிறார்கள். குடித்தவுடன் கடைசி வாயைத் துப்பிக்கொண்டே முன்னோரிடம் வேண்டுதல் சொல்வார்கள், அதற்குத் தமாஃபா என்று பெயர். பெண்களுக்கு அந்த மைதானத்தில் இடம் இல்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, இருந்ததை இருந்தபடி சொல்கிறேன்.

போன்பெய்யில் இதற்குச் சக்காவ். தட்டையான கருங்கல்லில் போட்டு, கல்லால் இடிப்பார்கள். நாலைந்து பேர் தாளம் மாறாமல் இடிக்க, கல் மணி மாதிரி ஒலிக்கும். செம்பருத்தி இன மரத்தின் பட்டை நாரில் சுற்றி முறுக்கிப் பிழிவார்கள், கொழகொழவென்று இறங்கும். அங்கே ஒரு வழக்கம் என்னை ரொம்பத் தொட்டது. பெரிய குற்றம் செய்தவன், ஆளையே கொன்றவனாக இருந்தாலும், அவன் குடும்பம் சக்காவ் கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டால் எதிர்த் தரப்பு மறுக்க முடியாது. பிஜியிலும் இதே மாதிரி யங்கோனாவை வைத்து மன்னிப்புக் கேட்கும் சொரோ என்ற வழக்கம் உண்டு.


கேள்விக்குறி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இது கடைசியில் போதைதானே? கள்ளுக்கும் இப்படிக் கதையும் சடங்கும் சொல்ல முடியும். ராத்திரி முழுக்க ஆண்கள் உட்கார்ந்து குடிப்பதை மரபு என்று சொல்லிவிட்டால் தவறு இல்லை என்று ஆகிவிடுமா?


சிங்கடோகா மகள் எழுதியது:

நான் பதில் சொல்லலாமா? நான் பிஜியில் பிறந்தவள். 1903இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்கு அழைத்துப்போன தென்னிந்தியர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். வீட்டில் தமிழ் தாத்தாவோடு போய்விட்டது, நாங்கள் பேசுவது பிஜி ஹிந்தி. தமிழ் எழுதப் படிக்க நான் சென்னையில் கல்லூரிக்கு வந்துதான் கற்றேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இதற்கு நெங்கோனா என்பார்கள், அல்லது க்ரோக். கரும்புக் காட்டில் வேலை முடிந்து வந்தவர்களுக்குப் பக்கத்துக் கிராமத்துப் பிஜிக்காரர்கள் கொடுத்துப் பழக்கியது என்று தாத்தா சொல்வார். மொழி தெரியாத இரண்டு கூட்டம் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்ததுதான் முதல் சிநேகம் என்பார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணம், காது குத்து, சாவு எதுவானாலும் க்ரோக் இல்லாமல் நடக்காது. சாவு வீட்டில் பதிமூன்று நாளும் ராத்திரி ஆட்கள் வந்து உட்காருவார்கள். அழுகிற அம்மாவுக்குத் துணையாக வாசலில் இருபது பேர் விடிய விடிய இருப்பது சாதாரண விஷயம் இல்லை. என் பாட்டி போன போது அந்த இரும்பு உரலில் உலக்கை விழும் சத்தம்தான் எங்களைத் தாங்கியது. கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டினால் மட்டும் எங்கள் வீட்டில் தானோவாவைக் கவிழ்த்து வைத்துவிடுவோம்.

இப்போது கேள்விக்குறி கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் கேட்டது நியாயம். என் அப்பா தினமும் குடித்தார். சடங்குக்கு இல்லை, விருந்தாளிக்கு இல்லை, சும்மா. ஆறு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டு, ஒன்று. அம்மா சாதத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். க்ரோக் குடித்தவருக்குப் பசி செத்துவிடும், சோறு நாய்க்குப் போகும். அடுத்த நாள் காலையில் எழுந்திருக்க முடியாது, கரும்பு வெட்ட ஆள் கூலிக்குப் பிடிக்க வேண்டும். அப்பா யாரையும் அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. சாராயம் குடிக்கும் வீடுகளில் நடந்ததெல்லாம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஆனால் அவர் இருந்தும் இல்லாமல் இருந்தார். அதுவும் ஒரு துக்கம்தான்.

பிறகு அவர் தோல் மாறியது. முதலில் கணுக்கால், அப்புறம் கை, முதுகு. மீன் செதில் மாதிரி வெள்ளையாக வெடித்து உதிரும். எங்கள் ஊரில் அதற்குக் கனி என்று பெயர், பிஜிக்காரர்கள் சொல். நம் தமிழில் கனி என்றால் பழம் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு என்னவோ போல் இருந்தது. அம்மா ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது பாயில் அந்தச் செதில் கொட்டிக் கிடக்கும். காலையில் நான்தான் பெருக்குவேன்.

செவுசெவுவில் வைக்கிற யங்கோனாவும் அப்பா தினம் குடித்ததும் ஒரே வேர்தான். ஆனால் ஒன்றில் நாலு பேர், ஒரு காரணம், ஒரு முடிவு உண்டு. பாத்திரம் காலியானால் எழுந்துவிட வேண்டும் என்று தலைவர் சொன்னால் எழுந்துவிடுவார்கள். அப்பாவுக்கு எழு என்று சொல்ல யாரும் இல்லை.


இரவுப்பணி எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

நான் சிட்னியில் செவிலி. டோங்கா, பிஜிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன தோல் வெடிப்பு நன்றாகத் தெரிந்த ஒன்று, குக்கின் கப்பல்களில் வந்தவர்களே அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். குடியை நிறுத்தினால் சில வாரங்களில் தோல் பழையபடி ஆகிவிடும் என்பது ஆறுதலான விஷயம்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். தீவுகளில் இதை மருந்தாகவும் காலங்காலமாக வைத்திருக்கிறார்கள். தூக்கம் வராததற்கு, உடம்பு வலிக்கு, தலைவலிக்கு, நீர்க்கடுப்புக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர்களும் சிறுநீர்த் தொற்றுக்கும் மேகவெட்டைக்கும் இதைக் கொடுத்தார்கள். நம் உடம்பில் நரம்பின் படபடப்பை அடக்கும் காபா என்ற ஒரு ரசாயனம் இருக்கிறது. தூக்க மாத்திரைகள் பல அதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன. கவாலாக்டோன்களும் அதன் வேலையைக் கூட்டுகின்றன. 1990களில் ஐரோப்பாவில் இது மன அமைதி மாத்திரையாக அமோகமாக விற்றது. பாரம்பரியமாகத் தண்ணீரில் பிசைந்த வேரைக் கொடுக்கவில்லை, ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் இறக்கிய சாற்றைக் கொடுத்தார்கள். பிறகு கல்லீரல் கெட்டுப்போனவர்களின் செய்தி ஒவ்வொன்றாக வந்தது. சிலருக்கு மாற்றுக் கல்லீரலே வைக்க வேண்டியதாயிற்று. 2002இல் ஜெர்மனி தடை செய்தது, அதே வருடம் அமெரிக்க மருந்துத் துறையும் எச்சரிக்கை விட்டது. 2014இல் ஜெர்மன் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, 2019இல் திரும்பவும் அனுமதி பறிபோனது. முதல் தடை இருந்த பன்னிரண்டு வருடமும் தீவுகளின் விவசாயிகள்தான் அடி வாங்கினார்கள்.

ஏன் கல்லீரல் கெட்டது என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை. வேர்ப்பித்தன் சொன்ன தண்டுத் தோலைச் சேர்த்தார்கள், மட்டமான ரகத்தை வாங்கினார்கள், சாற்றை இறக்கிய முறை சரியில்லை, சிலர் வேறு மருந்தும் மதுவும் சேர்த்து எடுத்தார்கள், சிலர் உடம்பின் வாகு அப்படி என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. நல்ல ரக வேரைத் தண்ணீரில் கலந்து மிதமாகக் குடித்தால் ஆபத்து குறைவு என்பது அதன் சாரம். அதிகமாகக் குடிப்பவர்களின் ரத்தத்தில் கல்லீரல் நொதி ஏறும், விட்டால் இறங்கும். இது ஆஸ்திரேலியாவில் கண்டது.

பலன் உண்டா என்றால், ஆரம்பத்தில் வந்த சின்னச் சின்ன ஆய்வுகள் மனப்பதற்றத்துக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது என்றன. ஆனால் 2020இல் வெளிவந்த, ஆஸ்திரேலியாவில் 171 பேரை வைத்துப் பதினாறு வாரம் நடத்திய ஆய்வில், நாள்பட்ட பதற்றநோய்க்கு வெற்று மாத்திரையை விட இது மேலாக இல்லை என்று வந்தது. அதோடு கவா எடுத்தவர்களில் கல்லீரல் பரிசோதனை மாறுபட்டவர்கள் கூடுதல். இதை ஆசையோடு எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருத்தி, ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லாமல் விடக்கூடாது.

தெற்குக்காற்று அண்ணா, உங்கள் நண்பரிடம் இதை மட்டும் கேளுங்கள். மது அருந்துகிறாரா, தூக்க மாத்திரை அல்லது மனப்பதற்ற மாத்திரை எடுக்கிறாரா, கல்லீரல் தொல்லை முன்பு இருந்ததா, பார்க்கின்சன் மருந்து சாப்பிடுகிறாரா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கிட்டேயே போகக்கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டவும் கூடாது, மனசு தெளிவாக இருப்பதாகத் தோன்றும், கை கால் அவ்வளவு வேகமாக வராது.


கேள்விக்குறி எழுதியது:

சிங்கடோகா சகோதரி, நான் கேட்ட விதம் கடுமையாக இருந்திருந்தால் மன்னியுங்கள். எங்கள் வீட்டிலும் காத்திருந்த ஒரு அம்மா உண்டு, அதனால் கேட்டேன். இரவுப்பணி அக்கா, ஆஸ்திரேலியாவில் கண்டது என்றீர்களே, அங்கே யார் குடித்தார்கள்?


இரவுப்பணி எழுதியது:

அது தனியாகச் சொல்ல வேண்டிய கதை தம்பி. வடக்குப் பிரதேசத்தில் ஆர்னம் லேண்ட் என்று பூர்வகுடி மக்களின் நிலம். 1980களின் தொடக்கத்தில் அங்கே சிலர் கவாவைக் கொண்டு போனார்கள். பிஜிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சாராயத்துக்குப் பதிலாக இது வந்தால் சண்டை குறையும் என்று நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். சண்டை குறையவும் செய்தது. ஆனால் வேர் வந்த அளவுக்கு அதனோடு இருந்த முறை வரவில்லை. யார் முதலில் குடிப்பது, எப்போது எழுவது, எதற்காக உட்காருவது என்று எதுவும் இல்லை. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பசிபிக்கில் குடிப்பதைப் போலப் பல மடங்கு குடித்தார்கள். உடம்பு இளைத்தது, தோல் வெடித்தது, சாப்பாட்டுக் காசு கவாவுக்குப் போனது. கடைசியில் 2007இல் அரசாங்கம் நாடு முழுக்க வியாபார இறக்குமதியையே நிறுத்திவிட்டது. அதனால் சிட்னியில் இருந்த டோங்கா, பிஜிக் குடும்பங்களுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கவா கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் இரண்டு கிலோ கொண்டு வந்தால்தான் உண்டு. 2021 டிசம்பரில்தான் மறுபடியும் வியாபாரமாகக் கொண்டுவர விட்டார்கள்.


வேர்ப்பித்தன் எழுதியது:

அக்கா சொன்ன மட்ட ரகம் பற்றி ஒரு வார்த்தை. வனுவாட்டுவில் மட்டும் எண்பதுக்கு மேல் ரகங்கள் உண்டு. தினமும் குடிக்கத் தக்கதை உயர்ந்த ரகம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். டூடே என்று இன்னொரு வகை உண்டு. இரண்டு நாள் என்று பொருள், குடித்தால் தலைபாரமும் குமட்டலும் இரண்டு நாள் விடாது. அதைத் தீவுக்காரர்கள் தினசரி குடிக்கவே மாட்டார்கள். ஆனால் சீக்கிரம் வளரும், விளைச்சல் அதிகம். ஐரோப்பாவில் கிராக்கி ஏறியபோது எது கிடைத்தாலும் மூட்டை கட்டினார்கள். சட்டத்தில் 2002இல்தான் வனுவாட்டு டூடே ஏற்றுமதியைத் தடுத்தது. 2020இல் கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர அமைப்பும் தண்ணீரில் கலந்து குடிக்கும் கவாவுக்குப் பிராந்தியத் தர அளவு ஒன்றை ஏற்றுக்கொண்டது. எந்த ரகம், எந்தப் பாகம் என்று பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்ததைக் காகிதத்தில் ஏற்ற அத்தனை காலம் பிடித்தது. அதற்குள் ஒரு செடியின் பெயரே கெட்டுப்போனது எனக்கு ஆறவில்லை.


தெற்குக்காற்று எழுதியது:

விவசாயிகள் பற்றி அக்கா சொன்னதும் நினைவுக்கு வந்தது. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். கரும்பு விழுந்தால் அடுத்த வருடம் வெட்டலாம். யங்கோனா விழுந்தால் நாலு வருட உழைப்பு போயிற்று. என் மாணவன் ஒருவனின் குடும்பம் அவன் படிப்புக்கென்றே மலைச்சரிவில் செடி வைத்திருந்தது. அங்கே நிறையக் குடும்பங்களுக்கு யங்கோனாத் தோட்டம்தான் வங்கி. பிள்ளை பிறந்தால் ஒரு வரிசை, பள்ளியில் சேர்ந்தால் ஒரு வரிசை. புயலுக்கு மறுநாள் அப்பாவும் பிள்ளையும் சாய்ந்த செடிகளைத் தோண்டி, முற்றாத வேரையும் கழுவித் தகரக் கூரையில் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல தண்டுகளை மட்டும் வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருந்தார் அவர். "இது வீணாகாமல் இருந்தால் போதும் மாஸ்டர், மறுபடி நட்டுவிடுவேன்" என்றார். வேர்ப்பித்தன் எழுதிய படகுக்காரரைப் படித்தபோது எனக்கு அந்தச் சாக்குதான் கண்ணில் வந்தது. அதன் பிறகு விலை எக்கச்சக்கமாக ஏறியது, ஆனால் அந்த விலைக்கு விற்க அவரிடம் வேர் இல்லை.

நண்பர் விஷயம்: கேட்டேன். அவர் ஒரு வருடமாகத் தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறார், எனக்கே இப்போதுதான் தெரியும். டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். வேரா தண்டா, எந்த ரகம், எதில் இறக்கியது என்று ஒன்றும் போடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மருத்துவரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதமாக யாரோடும் உட்கார்ந்து பேசவே இல்லை என்றும் சொன்னார். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போகிறேன்.

சிங்கடோகா மகளே, கேட்கலாமா என்று தயங்கினேன். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?


சிங்கடோகா மகள் எழுதியது:

கேட்டதற்கு நன்றி மாஸ்டர். எங்கள் ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் தம்பி மகன் பிறந்தான். குழந்தையைத் தூக்கப் போனவர் தன் கையைப் பார்த்துவிட்டுத் தூக்காமலே வந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி வாசலுக்குப் போகவில்லை. ஆறு வாரத்தில் தோல் விட்டது. புதுத்தோல் வெளுத்து, பிஞ்சு மாதிரி இருந்தது என்று அம்மா போனில் சொன்னாள்.

முழுசாக விடவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் குடிப்பார், பக்கத்துக் கிராமத்துத் தலைவர் வந்தால் குடிப்பார். போகாமல் இருந்தால் அவமரியாதை, அது எனக்கும் புரிகிறது. இப்போது அம்மாவும் கூட உட்காருகிறாள், இரண்டு சிரட்டை. ஒன்பது மணிக்கு அவள்தான் "மாதா" என்று சொல்லிப் பாத்திரத்தைக் கவிழ்க்கிறாள்.

தாத்தா காலத்துத் தானோவா அது. அத்தனை வருடம் யங்கோனா ஊறி உள்பக்கம் சிப்பி மாதிரி நீலம் பூத்திருக்கும். போன தடவை போனபோது கழுவி வெயிலில் வைத்திருந்தார்கள். தம்பி மகன் அதற்குள் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.